வீட்லயே ஸ்க்ரீன் பிரிண்டிங்கா? மொதல்ல பாத்ரூம் பத்தி பேசுவோம்

போன மாசம் சொந்தக்கார அக்கா ஒருத்தங்க போன் பண்ணாங்க. மருமகளுக்கு வளைகாப்பு வருது, தாம்பூலப் பைக்கு நூறு மஞ்சப்பை வாங்கிட்டாங்களாம், பேரும் தேதியும் வீட்லயே பிரிண்ட் போட்டுக்கலாம்னு ஐடியா. "வீடியோ பாத்தேன் தம்பி, ஒரு மரச்சட்டம், அதுல ஒரு வலை, மேல இங்க்க ஊத்தி ரப்பர வெச்சு ஒரு இழு இழுத்தா முடிஞ்சு போச்சு, இதுக்கு எதுக்கு வெளிய குடுக்கணும்"ன்னாங்க. நான் கேட்ட மொத கேள்வி, "அக்கா உங்க வீட்ல எத்தன பாத்ரூம்?" சிரிச்சுட்டாங்க. நான் சிரிக்கல, ஏன்னா இருவது வருசமா திருப்பூர்ல இந்தத் தொழில்ல இருக்கேன், ஹெல்பரா சேர்ந்து, டேபிள் பிரிண்டிங் போட்டு, இப்ப சொந்தமா சின்ன யூனிட் வெச்சிருக்கேன், இந்தத் தொழில்ல எனக்கு நடந்த கெட்டது எல்லாமே தண்ணிக் குழா பக்கத்துலதான் நடந்துச்சு.

அந்த வீடியோக்கள்ல காட்டறது அந்த இழுவை மட்டும்தாங்க. அஞ்சு செகண்ட். பாக்கவும் அழகாத்தான் இருக்கும், நான் இல்லைங்கல. ஆனா ஒரு பிரேம எடுத்தா மொதல்ல சோப்பு போட்டு எண்ணெப் பசை போக கழுவணும், காய வெக்கணும், எமல்சன் (வெளிச்சம் பட்டா கெட்டியாகற பசை) பூசணும், இருட்டுல காய வெக்கணும், வெளிச்சம் காட்டணும், கழுவணும், மறுபடி காய வெக்கணும், அப்பறம்தான் பிரிண்ட், பிரிண்ட் முடிஞ்சா இங்க்க கழுவணும், வேற டிசைன் போடணும்னா பழைய எமல்சனையும் உரிச்சுக் கழுவணும். எண்ணிப் பாருங்க, பாதி வேல தண்ணியிலதான். யூனிட்னா அதுக்குன்னு தனி தொட்டி இருக்கும். வீட்ல எங்க கழுவுவீங்க? குழந்தையக் குளிப்பாட்டற எடத்துல, இல்ல பாத்திரம் தேய்க்கற சிங்க்ல. அதனாலதான் அந்தக் கேள்வி.

தொழில் எப்படி வேல செய்யுதுன்னு ரெண்டு வரில சொல்லிடறேன். நுண்ணிய வலை, அதுல வேண்டாத ஓட்டையெல்லாம் அடைச்சுட்டு வேணுங்கற எடத்துல மட்டும் தெறந்து விட்டு, அது வழியா இங்க்க தள்றோம், அவ்ளோதான். அந்த வலைக்கு எங்க ஊர்ல இன்னமும் போல்டிங் துணின்னுதான் பேரு, பழைய காலத்துல ஆலைகள்ல மாவு சலிக்கறதுக்கு நெய்ஞ்ச துணி அது, பட்டுல வரும், இப்ப எல்லாம் பாலியஸ்டர். ஜப்பான்காரங்க இதே வேலைய காகிதத்த வெட்டி ஸ்டென்சில் வெச்சு பல நூறு வருசமா பண்ணிட்டு இருந்தாங்க, இங்கிலாந்துல மான்செஸ்டர்ல சாமுவேல் சைமன்ங்கறவர் 1907ல பட்டுத் துணி வெச்சு பண்ற முறைக்கு பேட்டன்ட் வாங்குனாரு. அதுக்கப்பறம்தான் வெளிச்சத்துல கெட்டியாகற மருந்த வலையில பூசி டிசைன ஏத்தற முறை வந்துச்சு. அந்த மருந்துலதான் என் கத ஆரம்பிக்குது.

நான் சேர்ந்த யூனிட்ல ஒரு பாட்டில் இருக்கும், உள்ள ஆரஞ்சு கலர்ல கல்கண்டு மாதிரி தூள், பாக்க ரஸ்னா பவுடரு மாதிரியே இருக்கும். பேரு பைக்ரோமேட், அம்மோனியம் பைக்ரோமேட். கடையில சென்சிடைசர்னு கேட்டா இதத்தான் தண்ணியில கரைச்சு குட்டி பாட்டில்ல குடுப்பாங்க. எமல்சன் தனியா, இது தனியா, ரெண்டையும் கலந்து பூசுனாத்தான் வெளிச்சத்துக்கு கெட்டியாகும். நான் மூணு வருசம் இத வெறுங்கைல கலக்குனேன், வெறுங்கைல பிரேம கழுவுனேன். க்ளவுஸ் கேட்டா "பொம்பளப் புள்ளையாடா நீ"ன்னு சீனியருங்க சிரிப்பாங்க. மொதல்ல வெரல் இடுக்குல அரிப்பு, அப்பறம் தோலு வெடிச்சு நீரு வடிய ஆரம்பிச்சுது, சாப்பாட்ட பெசஞ்சா காரம் ஏறி கண்ணுல தண்ணி வரும், ஸ்பூன்ல சாப்பிட்டேன் ரொம்ப நாள். சேத்துப்புண்ணுன்னு நெனச்சு மெடிக்கல்ல ஆயின்மென்ட் வாங்கி வாங்கிப் போட்டு அது எறங்கும், மறுபடி வேலைக்குப் போனா ஏறும்.

கடைசியா தோல் டாக்டர்கிட்ட போனப்ப அவரு கேட்ட கேள்வி எனக்கு வித்தியாசமா இருந்துச்சு, "கொத்தனார் வேல பாக்கறியாப்பா?" இல்லைங்க சார் பிரிண்டிங்ன்னேன். முதுகுல வரிசையா சின்னச் சின்ன ஒட்டு ஒட்டி ரெண்டு நாள் குளிக்காம வரச் சொன்னாரு. எடுத்துப் பாத்தா ஒரே ஒரு எடத்துல மட்டும் செவசெவன்னு தடிச்சு கொப்புளம். குரோமியம். சிமென்ட்லயும் அதே குரோமியம் கொஞ்சம் இருக்குதாம், கொத்தனாருங்க கையில வர்ற அந்த அரிப்பும் இதே வியாதிதானாம், அதான் அப்படிக் கேட்டிருக்காரு. ஒரு தடவ ஒடம்பு இதுக்கு அலர்ஜி ஆயிடுச்சுன்னா திரும்பாதுன்னாரு, திரும்பலதான். தோல் பதனிடறதும் பெரும்பாலும் குரோமியத்துலதாங்க, அதனால இன்னைக்கும் நான் லெதர் செருப்பு போட்டா ரெண்டாவது நாள் பாதத்துல வாரு படற எடம் அப்படியே வாரு மாதிரியே செவந்துக்கும். கல்யாணத்துக்கு மாமனார் எடுத்துக் குடுத்த லெதர் ஷூ அப்படியே டப்பால இருக்கு, ரப்பர் செருப்போடதான் எல்லா விசேசத்துக்கும் போறேன், பாக்கறவன் கஞ்சன்னு நெனச்சுக்கறான்.

அரிப்போட போனதுல நான் அதிர்ஷ்டசாலிதான். இந்த பைக்ரோமேட்ல இருக்கறது ஆறு இணைதிறன் குரோமியம், உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இத மனுசனுக்கு புற்றுநோய் வரவைக்கும்னு உறுதியான மொதல் பிரிவுல வெச்சிருக்கு. தூளாப் பறந்து மூச்சுல போறது ரொம்ப மோசம், குரோம் பிளேட்டிங் பட்டறையில வேல செஞ்சவங்களுக்கு மூக்குத் தண்டுல ஓட்டையே விழுந்திருக்கு. இத எதுக்கு இவ்ளோ நீட்டிச் சொல்றேன்னா, இன்னைக்கும் கடையில போயி "எமல்சன் குடுங்க"ன்னு பொதுவா கேட்டா கம்மி வெலைக்கு இதையே எடுத்துக் குடுக்கற எடம் இருக்கு, பாட்டில்மேல லேபிள் கூட இருக்காது, நீங்க வாங்கிட்டு வந்து கிச்சன் செல்ஃப்ல வெப்பீங்க.

அதனால கேக்கறத தெளிவா கேளுங்க. "டையசோ எமல்சன் வேணும், இல்லைன்னா ரெடிமேட் போட்டோ பாலிமர் வேணும், பைக்ரோமேட் வேண்டாம்." டையசோ ரெண்டு டப்பாவா வரும், குட்டி டப்பா தூள தண்ணியில கரைச்சு பெரிய டப்பால கலக்கணும், கலந்தா ஃப்ரிட்ஜ்ல வெச்சு கொஞ்ச வாரத்துக்கு ஓட்டலாம். ஆனா சாப்பாடு வெக்கற ஃப்ரிட்ஜ்ல வெக்காதீங்க, வெயில் படாத கீழ் அலமாரியில பூட்டி வெச்சு சீக்கிரமா தீத்துடுங்க. போட்டோ பாலிமர் கலக்கவே வேண்டாம், தெறந்து பூச வேண்டியதுதான், வெல கொஞ்சம் ஜாஸ்தி, வீட்டுக்கு அதான் சரின்னு நான் சொல்லுவேன். இன்னொன்னும் மறக்காம கேக்கணும், எமல்சன் தண்ணி இங்க்குக்கு தாங்கறதான்னு. சிலது தின்னர் இங்க்குக்குத்தான் தாங்கும், அதுல துணி இங்க்க போட்டு இழுத்தா இருவதாவது பையிலயே ஓரம் கரைய ஆரம்பிச்சுடும், நீங்க உங்க கையத்தான் திட்டிட்டு இருப்பீங்க.

எந்த எமல்சனா இருந்தாலும் நைட்ரைல் க்ளவுஸ் போடுங்க, டாக்டர்ங்க போடற நீலக் கலர். பாத்திரம் கழுவற ரப்பர் க்ளவுஸ் சோப்புக்கு ஓகே, தின்னர் பட்டா ஊறி உள்ள எறங்கிடும். அப்பறம் பாட்டில். கெஞ்சிக் கேக்கறேன், எந்த மருந்தையும் தண்ணி பாட்டில்லயோ ஜூஸ் பாட்டில்லயோ ஊத்தி வெக்காதீங்க. எங்க யூனிட்ல மத்தியான வெயில்ல வந்த ஒரு பையன் தின்னர தண்ணின்னு நெனச்சு ரெண்டு மடக்கு குடிச்சுட்டான், வாந்தி எடுக்க வெக்கலாம்னு ஒருத்தன் உப்புத்தண்ணி கரைச்சுட்டு ஓடி வர்றான், நல்லவேள மேஸ்திரி தடுத்து நேரா ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போனாரு. தின்னர், மண்ணெண்ணெ குடிச்சவங்கள வாந்தி எடுக்க வெக்கவே கூடாது, மேல வரும்போது நுரையீரல்ல எறங்கிடும். அவன் பொழச்சுட்டான், இப்ப பல்லடம் பக்கம் பேக்கரி வெச்சிருக்கான், பிரிண்டிங் பக்கம் தல வெச்சுப் படுக்கல.

சரி, இனி நல்ல விசயத்துக்கு வருவோம்.

பிரேம் நீங்களா அடிக்காதீங்க. துணிய இழுத்து ஸ்டேப்ளர் அடிக்கறது பாக்க ஈஸி, டென்சன் வராது, ரெடியா ஒட்டுன பிரேமே வாங்குங்க, வெரல்ல தட்டுனா தவில் மாதிரி சத்தம் வரணும், தொளதொளன்னு இருந்தா திருப்பிக் குடுத்துடுங்க. வலை நம்பர் கேக்கும்போது இஞ்ச் கணக்கா சென்டிமீட்டர் கணக்கான்னு கேட்டுக்கணும், ஏன்னா சென்டிமீட்டருக்கு 43 நூலுங்கறதும் இஞ்சுக்கு 110ங்கறதும் ஒன்னுதான், ரெண்டையும் கொழப்பி வாங்கிட்டு வந்து அழுதவங்க நெறைய. துணிப்பைக்கு, பனியனுக்கு அந்த 43ல இருந்து 55க்குள்ள போதும். கல்யாணப் பத்திரிக்க, விசிட்டிங் கார்டுன்னா சென்டிமீட்டருக்கு 120, அது வேற ஒலகம், தின்னர் இங்க்கு, இப்போதைக்கு அந்தப் பக்கம் போவாதீங்க.

எமல்சன் பூசறது பத்தி நெறைய சொல்ல ஒன்னுமில்ல, ரெண்டு பக்கமும் மெலிசா, வழியாம, கடைசி இழுப்பு உள்பக்கத்துல இருந்து இருக்கணும், அப்பதான் துணியத் தொடற பக்கம் கனமா வரும். காயும்போது அந்தப் பக்கம் கீழ பாக்க படுக்க வெச்சு ஃபேன் போட்டுவிடுங்க. ரூம்ல ட்யூப்லைட் வேண்டாம், மஞ்ச பல்பு ஒன்னு போதும். பழைய சீரோ வாட்ஸ் பல்பு இருந்தா அதப் போடுங்க (பேருதான் சீரோ, மீட்டர்ல 12, 15 வாட்ஸ் ஓடும்). நல்லா காயணும், தொட்டுப் பாத்து ஒட்டலைன்னா காஞ்சிடுச்சுன்னு அர்த்தமில்ல, ஐப்பசி மழையில ஒரு ராத்திரி முழுக்க எடுக்கும்.

இப்ப வெயில். இங்கதான் வீட்ல பண்ற பத்துல எட்டு பேரு விழறாங்க, அதனால இத நிதானமா சொல்றேன். எமல்சன கெட்டியாக்கறது வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிரு. டிசைன டிரேசிங் பேப்பர்லயோ ஓஎச்பி சீட்லயோ (கண்ணாடி மாதிரி இருக்கற பிளாஸ்டிக் தாள்) நல்ல கருப்பா பிரிண்ட் எடுத்து (அதுக்கு பாசிட்டிவ்ன்னு பேரு) பிரேம் மேல ஒட்டி, மேல கண்ணாடி அழுத்தி, உள்ள கருப்புத் துணி சுத்துன ஸ்பாஞ்ச வெச்சு வெயில்ல காட்டுனா, கருப்பு மறைச்ச எடம் மட்டும் கெட்டியாகாம தண்ணியில கரைஞ்சு போயிடும், அதுதான் டிசைன். எவ்ளோ நேரம் காட்டணும்? வீடியோல ஒருத்தர் ரெண்டு நிமிசம்பாரு, இன்னொருத்தர் எட்டு நிமிசம்பாரு, ரெண்டு பேரும் பொய் சொல்லல, ஒருத்தர் சித்திர மாச உச்சி வெயில்ல நின்னிருப்பாரு, இன்னொருத்தர் ஆடி மேகத்துல நின்னிருப்பாரு, எமல்சனும் வேற வேற. உங்க மொட்டமாடிக்கு உங்க எமல்சனுக்கு எவ்ளோன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்.

அதுக்கு ஒரே வழி படி டெஸ்ட். ஒரே வாக்கியத்த ஆறு வரி அச்சடிச்ச ஒரு பாசிட்டிவ் எடுத்துக்குங்க, கண்ணாடி மேல ஒரு அட்டைய வெச்சு மொத வரி மட்டும் தெரியற மாதிரி மூடுங்க, 30 செகண்ட் காட்டுங்க, அட்டைய ஒரு வரி எறக்குங்க, இன்னொரு 30 செகண்ட், இப்படியே கடைசி வரைக்கும். மொத வரிக்கு மூணு நிமிசம் விழுந்திருக்கும், கடைசி வரிக்கு அர நிமிசம். உள்ள கொண்டு போயி ரெண்டு பக்கமும் தண்ணியக் காட்டி ஒரு நிமிசம் ஊற விட்டு மெதுவா பீச்சிப் பாருங்க. கடைசி வரி மொத்தமா கொழகொழன்னு கழண்டு ஓடும், மேல போகப் போக எழுத்து நிக்கும், ஆக மேல போனா எழுத்தே தெறக்காது. நடுவுல ஒரு வரி மட்டும் எழுத்தும் பளிச்சுன்னு தெறந்து சுத்தி இருக்கறதும் வழுக்காம நிக்கும் பாருங்க, அதான் உங்க நேரம். செவுத்துல எழுதி வெச்சுக்குங்க, எந்த மாசம் எத்தன மணின்னும் சேத்து. வேலைய எப்பவும் அதே பதினொன்னு ஒரு மணி வாக்குல வெச்சுக்கிட்டா கணக்கு மாறாது.

தமிழ் எழுத்துல ஒரு தனி வம்பு இருக்குங்க, இங்கிலீஸ்காரன் சொல்லிக் குடுக்கற வீடியோல இது வராது. நம்ம எழுத்துல சுழி ஜாஸ்தி. ஞ, ண, ழ, ணை இதெல்லாம் சின்ன சைஸ்ல போட்டா சுழி உள்ள அடைச்சு ஒரு பொட்டு மாதிரி ஆயிடும். அதே மாதிரி புள்ளி. வெயில் கொஞ்சம் ஜாஸ்தி விழுந்துச்சுன்னா மொதல்ல காணாமப் போறது புள்ளிதான், ஏன்னா டிசைன்லயே சின்ன ஓட்டை அதுதான். வாழ்த்துகள்னு போட்டு வாழததுகளன்னு நிக்கும். அதனால கொட்டையான எழுத்து எடுங்க, புள்ளிய கம்ப்யூட்டர்லயே கொஞ்சம் பெருசாக்கிடுங்க, கழுவும்போது வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு புள்ளி புள்ளியா எண்ணுங்க. நான் இன்னமும் எண்ணறேன், ஒரு தடவ அரசியல் கட்சி ஆர்டர்ல தலைவர் பேர்ல புள்ளி விழாம 400 பனியன் போச்சு, அந்தக் கடன் அடைக்க எட்டு மாசம் ஆச்சு.

இங்க்கு. வீட்டுக்கு தண்ணில கழுவற பிக்மென்ட் மட்டும்தான், அதாவது பைண்டரும் (கலர துணியில புடிச்சு வெக்கற பசை) கலரும். 100 கிராம் பைண்டருக்கு 3ல இருந்து 5 கிராம் கலர் போதும், பளிச்சுன்னு வரணும்னு கலர அள்ளி ஊத்துனா துவைக்கும்போது எல்லாம் சாயம் விடும், பைண்டருக்கு புடிக்க முடியாது. பைண்டர் வாங்கும்போது மூடியத் தெறந்து மோந்து பாருங்க. மண்ணெண்ணெ வாட வந்தா வேண்டாம். கெட்டியா வர்றதுக்காக மண்ணெண்ணெயையோ டர்பன்டைனையோ தண்ணியோட அடிச்சு பால் மாதிரி ஆக்கற பழைய முறை அது, காயும்போது அந்த மண்ணெண்ணெ பூராவும் காத்துலதான் ஏறும், யூனிட்ல எக்ஸாஸ்ட் ஓடும், உங்க ஹால்ல என்ன ஓடும்? சிந்தெடிக் திக்னர் (கெட்டியாக்கற மருந்து) போட்ட வாடையில்லாத பைண்டரே இப்ப தாராளமா கெடைக்குது.

பனியன்ல பளபளன்னு ரப்பர் மாதிரி நிக்குதே அது பிளாஸ்டிசால். அழகா இருக்கும், ஸ்க்ரீன்ல காயவே காயாது, அதனால பழகறவங்களுக்கு சுலபம்னு ஒரு பேச்சு இருக்கு. ஆனா அது பிவிசிங்கற பிளாஸ்டிக், அத மெதுவாக்க எண்ணெ மாதிரி தாலேட்னு ஒன்னு சேப்பாங்க, கழுவ தண்ணி ஆகாது தின்னர்தான் வேணும், வேக வெக்க இங்க்கு முழுக்க கிட்டத்தட்ட 160 டிகிரி ஏறணும், அதுக்கு கியூரிங் மிஷின் இருக்கு. வீட்ல கேக் செய்யற அவன்ல வெச்சு பாத்தவங்கள எனக்குத் தெரியும், பிவிசி ஜாஸ்தி சூடானா ஆசிட் பொகை வரும், அதே அவன்ல நாளைக்கு புள்ளைக்கு பிஸ்கட்டு. எக்ஸ்போர்ட் ஆர்டர்னா பையரு தாலேட் ஃப்ரீன்னு லேப் ரிப்போர்ட் கேப்பான், லோக்கல்ல குழந்தை சட்டைக்கு நெஞ்சு நிறைய பிரிண்ட் போட்டு விக்கறோம், அத வாயில வெச்சு சப்பாத குழந்தை உண்டா, ஆனா ஒருத்தரும் கேக்கறதில்ல. இது எங்க தொழில்மேல எனக்கே இருக்கற கோவம்.

பிக்மென்டுக்கு அயர்ன்பாக்ஸ் போதும். ஒரு நாள் நல்லா காய விட்டு, மேல பட்டர் பேப்பர் வெச்சு, தண்ணி ஆவி இல்லாம காட்டன் சூட்டுல, ஒவ்வொரு எடமும் மொத்தமா மூணு நாலு நிமிசம் சூடு வாங்கற மாதிரி நகத்தி நகத்தி தேய்ங்க. சன்னல தெறந்து வெச்சுக்கிட்டு. அப்பறம் ஈர வெள்ளத்துணிய வெச்சு பத்து தேய் தேய்ச்சுப் பாத்துட்டு கலர் ஒட்டலைன்னா ஓகே.

இழுக்கறது பத்தியும் சொல்லணுமே. ஸ்கீஜிய (இங்க்க இழுக்கற ரப்பர் பட்டைய) வலைக்கு ஏறக்குறைய 70 டிகிரி கோணத்துல சாச்சு, ஒரே அழுத்தத்துல, பாதில நிக்காம. பிரேம் துணிமேல படுத்துடக் கூடாது, ரெண்டு மூணு மில்லிமீட்டர் தூக்கி இருக்கணும், அடியில நாலு மூலைக்கும் ரெண்டு ஒத்த ரூபா காசு அடுக்கி ஒட்டுனா சரியா வரும். ஸ்கீஜி போன எடத்துல வலை தானா எகிறி விடணும், அப்பதான் ஓரம் கூர்மையா விழும். முன்னாடி பத்து கழிவுத் துணியில இழுத்துப் பழகுங்க, கை தானா கத்துக்கும். பை ரெட்டத் துணியா இருக்கறதால உள்ள ஒரு அட்டைய சொருகிக்குங்க, இல்லைன்னா பின்பக்கம் எறங்கிடும்.

அடுத்தது தின்னர். வீட்ல வேண்டாம்னு சொன்னா "கொஞ்சூண்டுதானே"ம்பாங்க. அந்தப் பொகை காத்த விட கனம், மேல போகாது, தரையோட தவழ்ந்து போகும். ஹால்ல நீங்க பிரேம் தொடைக்கறீங்க, கிச்சன்ல அடுப்பு எரியுது, சாமி ரூம்ல வெளக்கு எரியுது, அங்க வரைக்கும் அது போயி தீய கூட்டிட்டு வரும். கொரோனாவுக்கு வாங்குன மாஸ்க்க மாட்டிக்கிட்டா ஆச்சுன்னு நெனக்காதீங்க, அது தூசிக்கு, தின்னர் பொகைக்கு கரி டப்பா வெச்ச மாஸ்க் வேற இருக்கு. தின்னர் தொடச்ச துணிய மூட்டையா கட்டி மூலையில போடறதும் கூடாது. வீட்ல மாசமா இருக்கறவங்க இருந்தா இந்தப் பேச்சே வேண்டாம், அக்காகிட்ட இதத்தான் மொதல்ல சொன்னேன், வளைகாப்பே அந்தப் பொண்ணுக்குத்தானே.

கடைசியா எமல்சன் உரிக்கறது. மூணு வருசம் முன்னாடி என்கிட்ட கத்துக்கிட்டுப் போன ஒரு தங்கச்சி, வீட்லயே டோட் பேக் போட்டு வித்துட்டு இருந்துச்சு. பழைய டிசைன எடுக்க பிளீச்சிங் பவுடர் கரைச்சு பிரேம் மேல ஊத்திட்டு ஊற விட்டிருக்கு, நல்லாத்தான் உரியும், நாங்களே பண்ணுவோம். சீக்கிரம் போகலைன்னு பக்கத்துல இருந்த கக்கூஸ் கழுவற ஆசிட்ட எடுத்து மேல ஊத்திடுச்சு. பிளீச்சிங்கும் ஆசிட்டும் சேர்ந்தா குளோரின் கேஸ். ரெண்டுக்கு நாலு பாத்ரூம், கதவு சாத்தியிருக்கு, எக்ஸாஸ்ட் கெடையாது. மஞ்சப் பச்சையா பொகை கெளம்புச்சுண்ணா, தொண்டைய யாரோ கையால புடிச்ச மாதிரி இருந்துச்சு, தாழ்ப்பாள் கைக்கு சிக்கலன்னு சொல்லுச்சு. எப்படியோ வெளிய விழுந்துடுச்சு, ரெண்டு நாள் ஆக்சிஜன் வெச்சாங்க. அந்தப் பொண்ணுக்கு நான் எமல்சன் பூசக் கத்துக் குடுத்தேன், ஸ்கீஜி புடிக்கக் கத்துக் குடுத்தேன், பிளீச்சிங் பவுடர எதோட சேக்கக் கூடாதுன்னு சொல்லல. எனக்கு அது தெரியும், சொல்லணும்னு தோணல, அவ்ளோதான். இத எழுத உக்காந்ததே அதுக்காகத்தான்.

உரிக்கறதுக்குன்னு கடையில மெட்டா பெர்அயோடேட் கலந்த பவுடர் இருக்கு, டீகோட் பவுடர்னு கேளுங்க, தண்ணியில கரைச்சு ரெண்டு பக்கமும் தடவி ரெண்டு நிமிசத்துல தேய்ச்சா வந்துடும், உலர விட்டுட்டா மட்டும் வராது, பிரேம தூக்கிப் போட வேண்டியதுதான். அதையும் வேற எதோடயும் கலக்காம, கண்ணுக்கு கண்ணாடி போட்டு, முடிஞ்சா வெளிய திண்ணையில இல்ல மொட்டமாடியில கழுவுங்க. வலையில நெழல் மாதிரி பழைய டிசைன் தெரிஞ்சா விட்டுடுங்க, பிரிண்ட்ல வராது. அத எடுக்கறேன்னு காஸ்டிக் சோடா பேஸ்ட் வாங்கற வேல வேண்டவே வேண்டாம், கண்ணுல ஒரு சொட்டு போதும் பார்வை போக.

கழுவுன தண்ணி எங்க போகுது? இதக் கேட்டா "சாக்கடைக்குத்தான்"ன்னு பதில் வரும். எங்க ஊர்ல சாக்கடைக்கு அடுத்த ஸ்டாப் நொய்யல் ஆறு. பாசனத்துக்குன்னு 1992ல கட்டுன ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணி தேங்கற குட்டையாப் போச்சு, கீழ இருந்த விவசாயிங்க அணைய தெறக்காதீங்கன்னு போராட்டம் பண்ண ஒரே ஊர் எங்க ஊராத்தான் இருக்கும். 2011 ஜனவரில ஹைகோர்ட்டு சாயப்பட்டறை, சலவைப் பட்டறை எல்லாத்தையும் மூடச் சொல்லுச்சு, அந்த மாசம் டீக்கடையில கூட வியாபாரம் இல்ல, வடநாட்டுப் பசங்க பெட்டியோட ரயில்வே ஸ்டேசன்ல நின்னது இன்னமும் கண்ணுல இருக்கு. உங்க ஒரு பிரேம் தண்ணி அந்த அளவுக்கு இல்லதான். இருந்தாலும் மிச்ச இங்க்க கழுவறதுக்கு முன்னாடி ஒரு பழைய ஸ்கேல வெச்சு சுத்தமா வழிச்சு டப்பால போட்டுடுங்க, ஒட்டிக்கிட்டு இருக்கறத ஈரத்துணியில தொடச்சுடுங்க, அதுக்கப்பறம் பக்கெட்டுல கழுவி ஒரு ராத்திரி அசையாம வெச்சா கீழ சேறு மாதிரி தங்கும், தெளிஞ்சத ஊத்திட்டு அந்தச் சேத்த நியூஸ்பேப்பர்ல காய வெச்சு குப்பைக்கு குடுத்துடலாம். அந்த பக்கெட்டு அதுக்கு மட்டும்தான், மேல பெயின்ட்ல ஒரு பெருக்கல் குறி போட்டு வெச்சுடுங்க. துளசிச் செடிக்கு ஊத்தாதீங்க, ஒருத்தர் ஊத்துனாரு.

அக்கா கேட்டாங்க எல்லாத்தையும், நோட்டு போட்டு எழுதிக்கிட்டாங்க. மருமகள அம்மா வீட்டுக்கு அனுப்பி வெச்சுட்டு, மொட்டமாடியில குழா இழுத்து, வாடையில்லாத பைண்டர்ல சிவப்பு கலந்து ஆரம்பிச்சாச்சு. நாலு நாள் கழிச்சு வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ வந்துச்சு, மஞ்சப்பையில சிவப்பு எழுத்து, ஓரமெல்லாம் கூர்மையா, நெசமாவே நல்லா இருந்துச்சு, "அனபுடன அழைககிறோம". ஒரு புள்ளி இல்ல. எத்தன நிமிசம்க்கா வெயில்ல வெச்சீங்கன்னு கேட்டேன். டெஸ்ட் போட்டதுல ஒன்ற நிமிசம்தான் வந்துச்சாம், வெச்சுட்டு கீழ பால் பொங்குதேன்னு எறங்கி ஓடியிருக்காங்க, ஏறி வர மூணு நிமிசம் ஆயிடுச்சாம். மறு பிரேம் பூசச் சொன்னேன். அது காயற வரைக்கும் சும்மா இருப்பானேன்னு, போட்டு முடிச்ச பதினெட்டு பைக்கும் அவங்க மாமியார் மூக்குக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு செவப்பு மார்க்கர்ல புள்ளி வெச்சுட்டு இருக்காங்களாம்.